புகை போட்ட பனி

மூன்று மணிக்கு வேன் வரும். இப்போது இரண்டே கால்.

அல்பிரட் கதவைத் தாழிட்டார். சுவரிலிருந்த படத்தை இறக்கி மேசையில் கிடத்தினார்.

நான்கு வருடத்துக்கு முன் மகள் ரோஷானியைப் பார்க்க நோர்வே போனபோது வரைந்தது. அவர் போன ஒரே வெளிநாடு. இலங்கையில், யட்டியாந்தோட்டைப் பக்கத்துச் சேர்ச்சுக்கும் கோயிலுக்கும் பஸ்ஸுக்கும் படம் போட்ட கை, அங்கேதான் முதன்முதலாகத் தனக்கென்று ஒன்று போட்டது. பனி மூடிய தெரு, அவள் குடியிருந்த மர வீடு, மாடி ஜன்னலில் கையைத் தூக்கி நிற்கும் ரோஷானி.

மனைவி கிறேஸ் இறந்த பிறகு, அந்த ஜன்னலைப் பார்த்தபடிதான் சாப்பாடு. "இன்னைக்கும் பருப்புதான்ம்மா" என்று அதனிடம் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

முந்தாநாள் ரோஷானியிடமிருந்து போன் கோல் வந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு.

"அப்பா, அந்த வீட்ட வித்துட்டோம். அவரு தனியாப் போயிட்டாரு. நான் இப்ப ஒரு ரூம்ல இருக்கேன். எனக்கு அந்தப் படம் வேணும்ப்பா. ஷாமிளா லீவுல வந்திருக்கா, திரும்புறப்ப எடுத்துக்கிட்டு வருவா."

"சரிம்மா" என்றார்.

ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பனி இப்போது வெள்ளையாக இல்லை.

இரண்டு வருடத்துக்கு முந்திய அடைமழையில் படத்தில் பூஞ்சணம் பிடித்தது. றப்பர் ஷீட்டில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க என்ன செய்வார்கள்? புகை போடுவார்கள். றப்பர் தோட்டத்தில் பிறந்தவருக்கு வேறு வைத்தியம் தோன்றவில்லை. புகை அறையில், ஷீட்டுகளுக்கு நடுவே, மூன்று நாள் தொங்கவிட்டார். பூஞ்சணம் செத்தது. பனியும் செத்தது. தெரு முழுக்கப் பால் விடாத பிளேன்டீ நிறம். அதற்குப் பிறகு வந்த ஒன்றிரண்டு வீடியோ கோலிலும், படத்தை முதுகால் மறைத்துக்கொண்டே பேசினார்.

இப்போது பஞ்சை நாக்கில் தொட்டு, படத்து ஜன்னலோரம் மெல்லத் தேய்த்தார். பழுப்பு கழன்றது. ரோஷானியின் முகம் வந்தது. இன்னொரு பஞ்சு. தூக்கிய கை வந்தது. மூன்றாவது பஞ்சில் சிவப்பு ஒட்டியது. அவள் ஸ்வெட்டரின் சாயம்! சட்டென்று கையை எடுத்தார்.

வாசலில் ஹோர்ன் சத்தம். தாழ்ப்பாளைத் திறந்தார்.

ரோஷானியோடு படித்த ஷாமிளா உள்ளே வந்தாள். படத்தைப் பார்த்ததும் வாயில் கை வைத்தாள்.

"ஐயோ அங்கிள், தேத்தண்ணி ஊத்திட்டீங்களா?"

"பொகை போட்டேன்."

"படத்துக்கா? இது என்னா, கருவாடா?"

சிரித்தவள், அவர் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "பழுதாப் போச்சு, கொண்டு வரலன்னு சொல்லிரவா அங்கிள்? அவ ஒன்னும் நெனைக்க மாட்டா."

ஒரே வார்த்தை போதும். படம் மறுபடி சுவரில் ஏறிவிடும். ராத்திரி பருப்புக்குத் துணை இருக்கும்.

"நங்கி, யமு! வெஸ்ஸ எனவா!" தங்கச்சி, கிளம்புவோம், மழை வருகிறது என்று சிங்களத்தில் கத்தினார் வேன்காரர்.

அல்பிரட் ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்தார். சட்டத்திலிருந்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். படத்துணியைச் சுருட்டி, ஒரு தண்ணீர்ப் பைப் துண்டுக்குள் நுழைத்தார்.

"சுடுற துவக்கு மாதிரி இருக்கு அங்கிள். ஏர்போட்ல என்னையப் புடிச்சு வச்சிருவாங்க."

"புடிச்சா தொறந்து காட்டு. வெறும் வீடுதான்."

வேன் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை சேர்ச் விட்டு வந்தபோது போனில் ரோஷானியின் குரல் பதிவு வந்திருந்தது.

"அப்பா, படம் வந்துருச்சு. பைப்பத் தொறந்ததும் நம்ம தோட்டத்துப் பொகை வாசம்ப்பா... ஜன்னல மூடிட்டேன். வாசம் போயிரக் கூடாதுல்ல."

மூன்று தடவை கேட்டார். பிறகு சோற்றைப் போட்டுக்கொண்டு, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். எதிரே அவர் மறுபடி மாட்டிவைத்த வெறும் சட்டம், அதற்குள் சுவர்.

போனை எடுத்து வாய்க்குக் கிட்டே பிடித்தார். "இன்னைக்கும் பருப்புதான்ம்மா." அனுப்பினார்.

ஒரு டிக் விழுந்தது. அவளிடம் சேர்ந்ததற்கான இரண்டாவது விழுமா என்று, சோறு ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.