தெப்பெய் மறந்த வணக்கம்

எட்டு ஒத்திகை, எட்டு அழுகை. மினோரி ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை.

பாட்டு தொடங்கும்போது நன்றாகத்தான் இருப்பாள். விரல்கள் பியானோவின் மேல் அணில் மாதிரி ஓடும். முதல் சரணம் தாண்டும், இரண்டாவதும் தாண்டும். மூன்றாவதில் பெண்கள் நிறுத்திக்கொள்ள, பையன்கள் மட்டும் அடிக்குரலில், 'நாளை முதல் உன் சைக்கிள் மணி வேறொரு தெருவில்' என்று எடுப்பார்கள். அவ்வளவுதான், அணை உடைந்துவிடும். கட்டைகள் கண்ணில் கலங்க, வலது கை ஒரு பக்கம் போகும், இடது கை இன்னொரு பக்கம் போகும். பாடிக்கொண்டிருந்த மொத்த வகுப்பும் நடுவழியில் பஞ்சரான பஸ் மாதிரி நிற்கும்.

எட்டாவது ஒத்திகை முடிந்ததும் பாட்டு டீச்சர் நிவா ஒரு சிடி பிளேயரைத் தூக்கிவந்து பியானோவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது எதுக்கு டீச்சர்?" என்றாள் மினோரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"நாளைக்கு விடைபெறும் விழாவில உன் கை தடுமாறிச்சுன்னா அந்த நிமிஷமே இதை அமுக்கிடுவேன். தப்பா எடுத்துக்காத கண்ணு. பெத்தவங்க எல்லாம் வர்றாங்க, மேயர் வர்றாரு. பாட்டு பாதியில நிக்கக்கூடாது."

டீச்சர் வெளியே போனதும் வகுப்பே கொதித்தது. போன வருஷத்து மாணவர்கள் சிடிக்குத்தான் பாடினார்கள். அவர்கள் ஹைஸ்கூல் போய் ஒரு வருஷமாகிறது. ஊர் இன்னமும் அவர்களை 'பெட்டிப் பாட்டு செட்' என்றுதான் சொல்கிறது.

மினோரிக்குக் கவலை வேறு. அவள் வாயைத் திறந்து பாடினால் தவளை தோற்றுவிடும். ஓட்டப் பந்தயத்தில் கடைசி. படிப்பு சுமார். இந்த மூன்று வருஷத்தில் வகுப்புக்கென்று அவள் செய்யக்கூடிய ஒரே காரியம் இந்தப் பாட்டுக்கு வாசிப்பது. அதையும் ஒரு பெட்டி வாசித்துவிட்டால்?

"இன்னைக்கு ராத்திரி நாலு கிலோ வெங்காயம் நறுக்கு. கண்ணீர் ஸ்டாக் தீர்ந்துடும்" என்றாள் சிகுசா. மினோரியின் பக்கத்து இருக்கைக்காரி, எந்தச் சிக்கலுக்கும் கையோடு வைத்தியம் வைத்திருப்பவள்.

"அழுகை வந்தா உப்புல ஊறப்போட்ட கணவாய்க் குடலை நினைச்சுக்கோ" என்றான் ஒருவன்.

"எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்டா."

"சரி, அது சாப்பாட்டுத் தட்டுல தீர்ந்துபோச்சுன்னு நினை."

"அப்ப இன்னும் அழுவேன்."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்திருந்தான் தெப்பெய். அவன்தான் பாட்டை நடத்துபவன். மேடையில் வகுப்பைப் பார்த்து நின்று கையசைக்க வேண்டியவன். மினோரியின் அடுத்த வீடு. மூன்று வருஷமாக இருவரும் ஒன்றாகவே சைக்கிளில் பள்ளிக்கு வருகிறார்கள். இந்த மாதக் கடைசியில் அவன் மீன்வளப் பள்ளி விடுதிக்குப் போகிறான், ரயிலில் நாலு மணி நேரம். பையன்கள் அந்த வரியை எடுக்கும்போது அவள் ஏன் அழுகிறாள் என்பது அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஒருவேளை அவனுக்கும் தெரிந்திருக்கலாம்.

"ஏய், நாளைக்கு அந்த வரி வரும்போது என்னைப் பாரு" என்றான். "கையைப் பார்க்காதே. நெஞ்சைப் பாரு."

"அங்க என்ன இருக்கு?"

"பாரு, தெரியும்."

"இவனை நம்பி பஸ் ஏறினா டிப்போவுக்குத்தான் போகும்" என்றாள் சிகுசா.

மறுநாள் உடற்பயிற்சிக் கூடத்தில் விழா. மூலைக்கு மூலை கணப்பு ஸ்டவ் வைத்தும் கால் விரல்கள் விறைத்தன. மார்ச் மாதம், மலை மரங்களின் மகரந்தப் பொடி காற்றில் வந்து எல்லார் மூக்கிலும் ஏறும் காலம். பெற்றோரில் பாதிப் பேர் முகமூடிக்குள் தும்மிக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்கு முன்பே கைக்குட்டைகள் நனைந்துவிட்டன.

தெப்பெய் மேடையேறி, சபையைப் பார்த்து இடுப்பு வளைய வணங்கினான். கறுப்புச் சீருடை மேல்சட்டையின் ஐந்து பித்தளைப் பொத்தான்களும் கழுத்துவரை பூட்டியிருந்தன. 'நம்ம பிள்ளையா இது' என்று அவன் அம்மாவே வாயைப் பிளந்தாள். பிறகு அவன் சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் கையைத் தூக்கினான்.

மினோரி வாசிக்கத் தொடங்கினாள். முதல் சரணம் போனது. இரண்டாவதும் போனது. சிடி பிளேயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிவா டீச்சரின் ஆள்காட்டி விரல் மெல்ல நீண்டது. பெண்கள் நிறுத்தினார்கள். பையன்கள் மூச்சை இழுத்தார்கள்.

'நாளை முதல் உன்...'

மினோரிக்குப் பழைய அழுகை எட்டிப் பார்த்தது. கண்ணோரம் சுட்டது. பாரு என்றானே என்று தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

தெப்பெய் வலது கையால் தாளம் போட்டுக்கொண்டே இடது கையால் சட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தான். முந்தின நாள் மாலையே எல்லாப் பொத்தான்களின் நூலையும் பாதி அறுத்து வைத்திருந்தான். ஒரு கை வேலை, ஒரு நொடி வேலை. ஐந்து பொத்தான்களும் பிய்த்துக்கொண்டு நாலா பக்கமும் பறந்தன. உள்ளே வெள்ளைச் சட்டையில், மார்பு முழுக்க, மார்க்கரால் வரைந்த ஒரு படம்.

ஒரு நெல் வயல். வயலில் ஒரு சைக்கிள். சைக்கிளுக்குப் பக்கத்தில் சேற்றிலிருந்து வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள், பிடுங்காத முள்ளங்கி மாதிரி. அந்தக் கால்களை இழுக்க வந்து, ஒற்றைச் செருப்போடு தானும் சாய்கிற ஒரு குண்டு மனிதர்.

முதலாம் வருஷம், பள்ளியின் முதல் நாள். கால்கள் மினோரியுடையவை. குண்டு மனிதர் தலைமையாசிரியர் ஹொரிகோமி.

மினோரியின் அழுகை அப்படியே திசை மாறிச் சிரிப்பாகிவிட்டது. உதட்டைக் கடித்தாள். சிரிப்பு விரல்களில் இறங்கியது. இதுவரை எந்த ஒத்திகையிலும் கேட்காத துள்ளலோடு பியானோ பாய்ந்தது.

ஆனால் படம் அவளுக்கு மட்டுமா தெரிந்தது? எதிரில் வரிசையாக நின்ற மொத்த வகுப்புக்கும் தெரிந்தது. பையன்கள் உலகத்திலேயே சோகமான அந்த வரியைப் பாட வேண்டும். பாடினார்கள். தோள்கள் குலுங்கின. குரல் நடுங்கிற்று. கடைசி வரிசை நெட்டையன் ஒருவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். சிகுசாவின் கண்களில் தாரைதாரையாக நீர்.

கீழேயிருந்து பார்த்தவர்களுக்கு நெஞ்சு வெடித்துவிட்டது.

"பாவம் குழந்தைங்க, பிரிய முடியாம எப்படித் தவிக்குதுங்க" என்று ஒரு அம்மா விம்ம, பக்கத்து வரிசை அப்பா முகமூடியைக் கழற்றி அதிலேயே கண்ணைத் துடைத்தார். மேயர் மூக்கைச் சிந்தினார். நிவா டீச்சரின் விரல் சிடி பிளேயரை மறந்து கைக்குட்டையைத் தேடிப் போய்விட்டது.

கடைசிச் சுரம் நின்றது. ஒரு பிழை இல்லை. மினோரி கையை மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. கூடம் அதிரக் கைதட்டல்.

அப்போதுதான் தெப்பெய்யின் முகம் மாறியது.

பாட்டை நடத்துகிறவன் முடிந்ததும் திரும்பிச் சபையை வணங்க வேண்டும். முதல் வணக்கத்துக்குப் பொத்தான் போட்டு வர யோசித்தவன், கடைசி வணக்கத்தை யோசிக்கவேயில்லை. சட்டையை இழுத்து மூடப் பார்த்தான். பொத்தான் இருந்தால்தானே நிற்கும்?

"திரும்பாதேடா" என்று சிகுசா பல்லிடுக்கில் சொன்னாள். "அப்படியே பக்கவாட்டுல நண்டு மாதிரி இறங்கிடு."

ஆனால் கைதட்டல் வணக்கத்துக்காகக் காத்திருந்தது. மூன்று வருஷத்துப் பழக்கம் அவன் உடம்பைத் தானாகத் திருப்பியது. கைகள் தொடையோரம் நேராக ஒட்டிக்கொண்டன. சட்டை ஜன்னல் கதவு மாதிரி இரண்டு பக்கமும் திறந்தது.

கைதட்டல் ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. முன்வரிசையில் தலைமையாசிரியர் நிதானமாகக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முன்னால் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து மைக்கை வாங்கினார்.

"ஒரு திருத்தம்" என்றார். "சேத்துல போனது இடது செருப்பு. படத்துல வலதைக் காணோம்."

அடுத்த நொடி கூடத்தின் கூரை எழும்பி உட்கார்ந்தது. அழுதுகொண்டிருந்த அம்மாக்கள் அழுகையை நிறுத்த நேரமில்லாமல் அப்படியே சிரிக்க, தெப்பெய் தரையைத் தொடுகிற அளவுக்கு வணங்கினான். அவன் அம்மா மட்டும், "அது புதுச் சட்டை" என்று யாரிடமோ முறையிட்டுக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்து சைக்கிள் நிறுத்தத்துக்கு மினோரி வந்தபோது, இரண்டாம் வருஷப் பெண்கள் இருவர் தெப்பெய்யை மடக்கி நின்றார்கள். விடைபெறும் பையனின் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இதயத்துக்குப் பக்கத்தில் இருப்பது. மனசுக்குப் பிடித்தவனிடம் பெண்கள் அதைக் கேட்டு வாங்குவது அங்கே வழக்கம். அதற்குத்தான் கிராக்கி.

"ஒண்ணுகூட இல்லம்மா. மேடையில தேடிப் பாருங்க" என்று அவன் கையை விரிக்க, அவர்கள் முகம் வாடிப் போனார்கள்.

மினோரி கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்தாள். உள்ளங்கையில் ஒரு பித்தளைப் பொத்தான்.

"பெடலுக்குப் பக்கத்துல வந்து விழுந்தது. கடைசிச் சரணம் முழுக்க ஒரு காலால மிதிச்சுக்கிட்டே வாசிச்சேன்."

தெப்பெய் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். இப்படியும் அப்படியும் திருப்பினான். ஏதோ பெரிய நகை வியாபாரி மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"இது ரெண்டாவது பொத்தான்" என்றான்.

"அஞ்சும் ஒரே மாதிரிதானேடா இருக்கு. எப்படித் தெரியும்?"

"என் சட்டை. எனக்குத் தெரியாதா?"

பொத்தானை அவள் கையிலேயே திரும்ப வைத்துவிட்டு, சைக்கிளில் ஏறி, தேவையே இல்லாமல் மணியை நாலு தரம் அடித்தான்.

மினோரிக்கு அணை உடைந்தது. ஒன்பதாவது தடவை.

"பரவாயில்ல, இங்க பியானோ இல்ல, நல்லா அழு" என்றான் தெப்பெய். அவன் மூக்கும் சிவந்திருந்தது.

"உனக்கென்னடா ஆச்சு?"

"மகரந்தப் பொடி" என்று சொல்லிவிட்டு, திறந்த சட்டை இருபுறமும் பறக்க, அவன் பெடலை மிதித்தான்.