ஆதிலட்சுமியின் வலது கை

அரிகரன் வீட்டு மாட்டுக்குத் தொண்டையில் எதுவோ மாட்டிக்கொண்டதாம். உடனே வரவேண்டும் என்று போனில் ஒரே நச்சரிப்பு. கால்நடை டாக்டர் கல்பனா கிருமாம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனாள்.

கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள். தொண்டை அடைத்த மாடு கழுத்தை நீட்டி இருமும், வயிறு உப்பி ஓய்ந்து நிற்கும். இதுவோ குரல் உடைந்து கத்தியது, கம்பத்தை முட்டியது, எச்சில் கயிறாகத் தொங்கத் தொங்கக் கண்ணை உருட்டியது. மாடு வாயால் சொல்லாததை நடத்தையால் சொல்லிவிடும். அது சொன்னது கல்பனாவுக்குப் புரிந்துவிட்டது.

"யாரும் கிட்ட போவாதீங்க. நாய் கடிச்சுதா இத?"

"நாயா? அதெல்லாம் இல்ல மேடம்," என்றான் அரிகரன். "காலைலயே இவள கைய வுட்டுப் பாக்கச் சொன்னேன்."

அவன் மனைவி ஆதிலட்சுமி வலது கையைக் காட்டினாள். நேற்றுவரை கரும்பு வெட்டிய கை. முழங்கைவரை தோகை கிழித்த கோடுகள். அவற்றின்மேல் மாட்டின் எச்சில் காய்ந்து பளபளத்தது.

"ஒண்ணும் சிக்கல மேடம். கொழகொழன்னு எச்சதான் வந்துச்சு."

கல்பனா அவளைக் குழாயடிக்கு விரட்டி, கால் மணி நேரம் நிறுத்தாமல் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள். பிறகு தள்ளி நின்றே மாட்டின் பின்னங்காலைக் கவனித்தாள். ஆறிப்போன பல் தடம். அதில் நாய்க்கடிக்கென்று அப்பிய சுண்ணாம்புகூட இன்னும் முழுதாக உதிரவில்லை.

"அப்ப இது இன்னா?"

அரிகரன் தலையைச் சொறிந்தான். "ஒரு மாசம் ஆச்சு மேடம். வெளிய சொன்னா சொசைட்டில பால் எடுக்கமாட்டானுங்க."

கூச்சநாச்சமே இல்லாமல் சொன்னான். மனிதப் பிறவிதானா இவன்! கல்பனாவின் வாயில் மரியாதை நிற்கவில்லை.

"மாட்டுக்கு வெறி புடிச்சிருக்குய்யா. நீ ஏன் உன் கைய வுடல?"

"என் கை பெருசு மேடம். உள்ள போவாது."

குழாயடியில் ஆதிலட்சுமி நுரைக்கையோடு நிமிர்ந்தாள். "மாடு ஒரு மாதிரி ஆனதுலேர்ந்து நீ கொட்டாய்க்குள்ளயே வரலியே," என்றாள் அவனைப் பார்த்து. "தெரிஞ்சுதான் என்ன வுட்டியா?"

அவன் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஊசிய இன்னிக்கே போடணும். ஏறும்மா," என்று கல்பனா அவளைப் பின்னால் உட்காரவைத்து வண்டியைக் கிளப்பினாள். அரிகரன் நாலடி ஓடிவந்தான்.

"மேடம், அப்ப சாயந்தரம் பால யாரு கறக்கறது?"

ஆதிலட்சுமி வண்டியில் இருந்தபடியே காறித் துப்பினாள்.