முப்பத்தைந்தும் எட்டும்

ரூல்தடி எங்கள் விதைக் கிடங்கின் பொறுப்பாளர். முதுகும் பேச்சும் வளையாததால் அந்தப் பெயர். நான் வைத்ததில்லை, வீட்டில் மட்டும் சொல்வேன்.

இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். என் மேசையில் ஈர மரத்தூள் நிரப்பி வைத்திருந்த டப்பா காலியாக, கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது.

"சார், இதுல இருந்த விதை?"

"காயவச்சு ஃப்ரீசர்ல போட்டாச்சு. ஒரு வாரமா ஈரத்துல ஊறவச்சிருக்கே. இது கிடங்கா, குளியலறையா?"

"மழைக்காட்டு மரம் சார். விதை காய்ஞ்சா செத்துடும். டப்பா மேல எழுதி ஒட்டியிருந்தேனே."

"இருபத்திரண்டு வருஷமா விதை வைக்கிறேன். நேத்து வந்தவ எனக்குச் சீட்டு ஒட்டறே."

அந்த மரம் ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் காய்க்கும். எங்களுக்குத் தெரிந்து மூன்றே மிச்சம். இந்த ஆண்டு காய்த்தது ஒன்று. அதன் கீழே, அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்து, நான்கு நாளில் பொறுக்கியவை நாற்பத்து மூன்று. டப்பாவில் இருந்தது முப்பத்தைந்து. மீதி எட்டும் அழுகிவிட்டதாகப் பதிவேட்டில் எழுதியிருந்தேன்.

பொய். கிடங்கின் காய்ந்த காற்றில் டப்பாவை மட்டும் நம்ப முடியவில்லை, அவரிடம் வேறு இடம் கேட்கத் துணிவும் இல்லை. எட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு பிளாஸ்டிக் பேசினில் ஈரத்தூளுக்குள் புதைத்து, குளியலறை ஜன்னலில் வைத்திருந்தேன். விதை வெளியே போனால் வேலை போகும் என்று வாசலிலேயே பலகை இருக்கிறது.

மறுநாள் காலை, ஃப்ரீசரில் இருந்த விதைகளைப் பிளந்து மருந்தில் போட்டேன். உயிர் இருந்தால் சிவக்கும். மதியம் இயக்குநர் அம்மாவின் மேசைக்குக் கொண்டுபோனபோது முப்பத்தைந்தும் வெள்ளையாகவே கிடந்தன.

"கொண்டுவந்ததே செத்த விதைம்மா," என்றார் ரூல்தடி. "எட்டு அழுகிப்போச்சுன்னு இந்தப் பொண்ணே கைப்பட எழுதியிருக்கு, பாருங்க."

இயக்குநர் பேனாவைத் திறந்தார். "அப்ப மரத்துக்கு வயசாயிடுச்சுன்னு எழுதிடறேன். முளைக்காத மரத்துக்குக் காவல் எதுக்கு? அந்தக் காட்டு வழியா ரோடு போடறவங்க வேற தினம் உயிரை எடுக்கறாங்க."

"என்னம்மா, வாய்க்குப் பூட்டா?" ரூல்தடி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எட்டும் அழுகல," என்றேன். "திருடினேன். எங்க வீட்டுல இருக்கு."

சிரிப்பு நின்றது. இயக்குநர் பேனாவை மூடினார்.

"முளைச்சிருந்தா அறிக்கையை நிறுத்தறேன். முளைக்காட்டியும் முளைச்சாலும் உனக்கு மெமோ உண்டு. சார், கூடப் போய் எடுத்துட்டு வாங்க."

அக்காதான் கதவைத் திறந்தாள். "அப்பாடா, தூக்கிட்டுப் போங்க. ஒரு வாரமா குளியலறை ஜன்னலைத் திறக்க முடியல." பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஓ, நீங்கதான் ரூல்தடியா?"

அவர் நேராகக் குளியலறைக்குப் போனார். பேசினைத் தரையில் இறக்கி, குந்தி உட்கார்ந்து, ஈரத்தூளை ஒரு விரலால் விலக்கினார். ஆறு விதைகளில் வேர் இறங்கியிருந்தது. இரண்டு தடவை எண்ணினார்.

"ஆறு. திருட்டு எட்டு. ரெண்டையும் எழுதுவேன்."

"எழுதுங்க சார்."

காரில் பேசினை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் ஏசியைப் போட்டார். காய்ந்த காற்று நேராக மரத்தூளில் அடித்தது. நான் கை நீட்டி அணைத்தேன். அவர் மறுபடி போட்டார்.

மறுபடி அணைத்தேன்.