கோழிக்கூட்டுக்குக் கேட்ட கண்ணாடி

வாருங்கள், வந்து இந்த அநீதியைக் கண்ணால் பாருங்கள்! முன்னறையில் திர்சாவின் உடல் பெட்டிக்குள் கிடக்கிறது. அடுக்களையிலோ அவள் கணவர் ஓரின், காரச் சோடா கலந்த வெந்நீர்த் தொட்டியருகே சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்கிறார். காலடியில் மரப்பெட்டிகள். அவற்றுள் அவள் ஆயுளெல்லாம் பிடித்த படங்கள். கண்ணாடித் தகட்டுக்கு ஒரு பனிப்பூவின் படம்.

மகள் லோயிஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"கோழிக்கூட்டுக்கு ஜன்னல் போடணும்மா. படத்தக் கழுவிட்டா நல்ல கண்ணாடி."

பக்கத்துப் பண்ணை ஹைரம் புகைக்குழாயை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்தார். "நம்ம வெர்மாண்ட் பக்கம் பனிக்கா பஞ்சம்? வேணும்னா வெளிய போய் மண்வெட்டியால அள்ளிக்க, பாப்பா."

கதவற்ற விறகுக் கொட்டகை லோயிஸின் கண்முன் மிதந்து வந்தது. கறுப்புப் பலகையை நீட்டியபடி, வானத்திடம் தன் பங்கைக் கேட்பவள்போல் அம்மா நிற்கிறாள். விழுந்த பனிப்பூக்களுள் ஒன்றைக் குச்சி நுனியால் தொட்டெடுத்து, இறகால் நீவி, கேமரா பொருத்திய உருப்பெருக்கியின் கீழ் வைக்கிறாள். கொட்டகை முழுதும் சத்தமில்லாத வெண்மை. உருகுவதற்குள் அதைப் பிடித்தாக வேண்டும். ஊர் அதைக் கிறுக்கென்றது. ஆண் செய்திருந்தால் ஆராய்ச்சி என்றிருக்கும்! காலையில் வந்த பாதிரியாரும் அவள் சுட்ட ரொட்டியைத்தான் புகழ்ந்துவிட்டுப் போனார்.

ஓரின் முதல் தகட்டை எடுத்தார்.

"அப்பா, அம்மாவ எப்போ புதைக்கப் போறோம்?"

"உனக்குத் தெரியாதா? பனியில மண்ணு கல்லா கெடக்கு. இளகற வரைக்கும், எல்லாரையும் போல, இடுகாட்டு நிலவறையிலதான்."

"அம்மாவையே வசந்தம் வரைக்கும் வச்சிருக்கப் போறோம். கண்ணாடிக்கு மட்டும் என்னப்பா அவசரம்?"

ஹைரம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு தொப்பியைத் தேடினார்.

தகட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஓரின் சிறிது நேரம் தவித்தார். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தினார். மனைவி பிடித்த படமொன்றை அவர் அப்படிப் பார்த்தது அதுவே முதல்முறை. ஆறு கிளைகளும், கிளைக்குள் கிளைகளுமாய் ஒரு சின்னஞ்சிறு நிழல் அவர் கன்னத்தில் விழுந்தது.

"இது... எந்த வருஷத்துப் பனி, லோயிஸ்?"

"தெரியலப்பா. அம்மாவத்தான் கேக்கணும்."

தொட்டித் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

உங்கள் வீட்டிலும் ஒருத்தி, இந்நேரம், எதையோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். எழுந்து போங்கள். அது என்னவென்று கேளுங்கள்.