பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்ற பேட்ரிக்

உலகெங்கும் வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கும், அயர்லாந்து தேசத்தாருக்கும், இரு சாராரையும் சட்டை செய்யாத மாண்ட்ரியால் மாநகரத்தாருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: அந்நகரின் பியர்பொன்ட்ஸ் பகுதிவாசியும் ஓய்வுபெற்ற பாலப் பொறியாளருமான ஸ்ரீகுமார், தம் ஒரே மகள் மாளவிகாவை மணக்கவிருக்கும் கானர் டெவ்லினின் வம்சாவளியை ஐயந்திரிபற நிறுவும் மாபெரும் பணியை ஏற்றுக்கொண்டுவிட்டார்.

யாரும் கேட்கவில்லை. அதெல்லாம் ஒரு தடையா?

கன்னிகாதானத்தின்போது குருக்கள், இன்னாருடைய கொள்ளுப்பேரனுக்கு, இன்னாருடைய பேரனுக்கு, இன்னாருடைய மகனுக்கு என்று மாப்பிள்ளையின் மூன்று தலைமுறையை மும்முறை சொல்வார். கானரின் அப்பா அல்பேட் கண்ணெதிரே பியர் குடித்துக்கொண்டிருக்கிறார். தாத்தா இந்த ஊரிலேயே பிறந்து இந்த ஊரிலேயே செத்தவர். கொள்ளுத்தாத்தா பேட்ரிக்தான் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்.

"பேட்ரிக்னு வாயால சொன்னா ஆச்சா? ஆதாரம் வேணாமா? அப்படியா நாங்க பாலம் கட்டினோம்?" என்றார் ஸ்ரீகுமார். மேடையில் ஒலிக்கும் ஒவ்வொரு பெயருக்கும் தேவாலயப் பதிவு தன் கையில் இருக்கும் என்று கோயில் பிரசாத வரிசையில் முன்னால் நின்றவரிடமும் சொன்னார், பின்னால் நின்றவரிடமும் சொன்னார். இருவரும் புளியோதரையைப் பார்த்தபடி தலையாட்டினார்கள்.

ஐரிஷ் பாதிரியார்களோ லேசுப்பட்டவர்கள் அல்லர். கையெழுத்து, மைக்கூட்டில் விழுந்த கோழி நடந்துபோனது போல இருந்தது. ஒருவர் ஞானத்தகப்பனின் பெயரைப் பெற்ற தகப்பனின் இடத்தில் எழுதியிருந்தார். இன்னொருவர் குழந்தையின் பெயரையே எழுத மறந்துவிட்டு, வந்திருந்தவர்களின் பெயர்களைப் பந்திக்கு எண்ணுவது போலச் சுத்தமாக எழுதியிருந்தார். ஸ்ரீகுமார் பூதக்கண்ணாடி வாங்கினார். சாப்பிடும்போதும் அது கழுத்தில் தொங்கியது.

கடைசியில் பேட்ரிக் கிடைத்தார். அப்பா, அம்மா, ஊர் எல்லாம் பொருந்தின. ஒன்றே ஒன்றுதான் உதைத்தது. தேவாலயத்தில் ஞானஸ்நானம் பிப்ரவரியில். அரசாங்கப் பதிவிலோ அவர் பிறந்ததே அதே ஆண்டு மே மாதத்தில்.

"அலமு! இந்த ஆளுக்குப் பொறக்கறதுக்கு முன்னாடியே தலையில தண்ணி ஊத்தியிருக்காங்க!"

"வயித்துக்குள்ள குழாய் விட்டா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் அவர் மனைவி.

ஸ்ரீகுமாருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்று, பேட்ரிக்குகள் இருவர். அல்லது பாதிரியார் பொய்யர். எப்படியானாலும் தூணில் விரிசல். விரிசல் கண்ட பாலத்தில் போக்குவரத்தை நிறுத்துவதுதானே முறை? மகளைத் தொலைபேசியில் அழைத்து, அயர்லாந்திலிருந்து விளக்கம் வரும்வரை கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்றார்.

"தள்ளவெல்லாம் வேண்டாம்ப்பா. நாங்க கோர்ட்டுல பண்ணிக்கறோம்" என்றாள் மாளவிகா. "அங்க கொள்ளுத்தாத்தாவைக் கேக்க மாட்டாங்க. அப்பாவையும் கேக்க மாட்டாங்க."

வைத்துவிட்டாள்.

அந்தக் கடைசி வாக்கியம் ஸ்ரீகுமாரின் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்தி நின்றது. இத்தனைக்கும் அவர் சைவம். மகளின் கையை ஏந்தித் தாரைவார்க்கும் அந்த நொடிக்காகக் குளியலறைக் கண்ணாடி முன் உள்ளங்கையைக் குவித்துப் பார்த்துக்கொள்கிற மனிதர் அவர். அலமுவுக்கும் அது தெரியும். குளியலறைக் கதவு சரியாக மூடாது.

அவள் பாஸ்போர்ட்டை எடுத்துவந்து அவர் முன் போட்டாள்.

"இதுல உங்க பிறந்த தேதி என்ன?"

"ஜூன் ஒண்ணு."

"நீங்க பிறந்தது?"

"தீபாவளிக்கு மறுநாள். அது எதுக்கு இப்ப? ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர் வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டேன். வயசு ஆச்சுன்னு ஜூன் ஒண்ணு போட்டுச் சேர்த்துக்கிட்டார்."

"உங்க தம்பிக்கு?"

"ஜூன் ஒண்ணு."

"தங்கைக்கு?"

ஸ்ரீகுமார் கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியைத் துடைத்தார்.

"வீட்டுல அத்தனை பேருக்கும் ஜூன் ஒண்ணு. உங்க வம்சத்தை எவனாவது ஐரிஷ்காரன் ஆராய்ஞ்சா உங்கம்மாவை என்ன மெஷின்னு நினைப்பான்? பேசாம அல்பேட்டைக் கூப்பிட்டுக் கேளுங்க."

கூப்பிட்டார்.

"ஓ, அதுவா?" என்று ஆங்கிலத்தில் சிரித்தார் அல்பேட். "பிறப்பைத் தாமதமாப் பதிஞ்சா அந்தக் காலத்துல அபராதம். அதனால அரசாங்கத்துக்கிட்ட பின்னால ஒரு தேதியைச் சொல்லிடுவாங்க. கடவுள் அபராதம் போட மாட்டாரே, அதனால அவருக்கு மட்டும் உண்மை. எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். நீங்க ஏன் என்னைக் கேக்கலை?"

"நான் ஆராய்ச்சியில இருந்தேன்" என்றார் ஸ்ரீகுமார்.

மாளவிகாவிடம் மன்னிப்பு என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொற்களாலும் மன்னிப்புக் கேட்டார். கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்தது. குருக்கள் அன்று காலை நகரின் இன்னொரு பகுதியான லாசாலில் ஒரு யாழ்ப்பாணக் கல்யாணத்தை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். பேட்ரிக்கில் தொடங்கும் பெயர்களைத் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறையிட்டு அவரிடம் கொடுத்தார் ஸ்ரீகுமார்.

"யோசியாதேங்கோ அண்ணை, எல்லாம் என்னட்டைப் பத்திரமா இருக்கு" என்று அதை இடுப்பில் செருகிக்கொண்டார் குருக்கள். அங்கே ஏற்கெனவே இன்னொரு சீட்டு இருந்தது.

முகூர்த்தம் வந்தது. ஸ்ரீகுமாரின் குவிந்த உள்ளங்கையில் மாளவிகாவின் கை இருந்தது. அலமு செம்பைச் சாய்த்தாள். குருக்கள் இடுப்பிலிருந்து சீட்டை உருவி முழங்கினார்: "வேலுப்பிள்ளை நாமதேயஸ்ய நப்த்ரே…" அதாவது, வேலுப்பிள்ளை என்பவரின் கொள்ளுப்பேரனுக்கு.

ஸ்ரீகுமாரின் வாய் திறந்தது. மாளவிகா அவரை நிமிர்ந்து பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. மும்முறையும் வேலுப்பிள்ளையே வந்தார். மும்முறையும் ஸ்ரீகுமார் பக்தியுடன் தலையாட்டினார்.

அருகே நின்ற அல்பேட் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். "அது எங்க தாத்தா பேர்தானே? உங்க மொழியில எவ்வளவு கம்பீரமா இருக்கு! என் பேரும் வந்ததா?"

"மூணு தடவை" என்றார் ஸ்ரீகுமார். "எல்லாத்துக்கும் ஆதாரம் இருக்கு."

வேலுப்பிள்ளை, அன்று காலை லாசாலில் சிவாஜினிக்குத் தாலி கட்டிய ஆரூரனின் கொள்ளுத்தாத்தா.