கேரா தலையசைத்த விதம்

மின்கோவுக்கு எண்பத்தொரு வயது. ஊரில் யாரைக் கேட்டாலும், "அவரா? தங்கமான மனுஷன். பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை" என்றுதான் சொல்வார்கள். கேட்பதற்கு ஊரில் நாற்பத்து மூன்று பேர்தான் மிச்சம் என்பது வேறு விஷயம். ஒரு காலத்தில் தொள்ளாயிரம் பேர் இருந்த ஊர் அது. கட்சி ஆட்சி போனது, கூட்டுப் பண்ணை போனது, பள்ளிக்கூடம் போனது, கடைசியில் அவர் முப்பது வருஷம் ஓட்டிய பஸ்ஸும் போனது. ஒவ்வொன்று போகும்போதும் மற்றவர்கள் மதுக்கடையில் உட்கார்ந்து மேஜையைக் குத்திக் கத்தினார்கள். மின்கோ மட்டும், "போறது போகட்டும், நம்ம கையில என்ன இருக்கு" என்று தக்காளிக்குத் தண்ணீர் விடப் போய்விடுவார். கத்தினவர்களில் பாதிப் பேர் நெஞ்சடைத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அதை வைத்து ஊர் அவரை ஞானி என்று முடிவு கட்டிவிட்டது. பாவம், அவரும் அதை நம்பித்தான் இருந்தார், போன வருஷம் வரைக்கும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவர் வாசல் கதவில் மனைவி கேராவின் வருஷ அறிவிப்பை ஒட்டிக்கொண்டிருந்தார். மேலே படம், கீழே பெயர், 'பிரிந்து ஓராண்டு' என்று ஒரு வரி, அதற்கும் கீழே கணவர், மகள், பேரன். நாற்பதாம் நாள் அறிவிப்பும் ஆறாம் மாத அறிவிப்பும் மழையில் வெளுத்துப்போய் அதே கதவில் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே படம்தான். அவளுக்கு வேறு நல்ல படம் இல்லை.

"கோணலா இருக்குப்பா, இடது பக்கம் கொஞ்சம் தூக்குங்க" என்றாள் மகள் இஸ்க்ரா, பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு.

"உங்க அம்மாவே கொஞ்சம் கோணல்தான். இருக்கட்டும்."

இஸ்க்ரா சிரித்தாள். வியாழக்கிழமை ஸ்பெயினிலிருந்து வந்தவள், இந்தச் சனிக்கிழமையே மூன்று மணிக்குத் திரும்பப் போகிறாள். அதுவரை அவள் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்துவிடக் கூடாதே என்றுதான் மூன்று நாளாக மின்கோ வேண்டிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் கேராவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. இஸ்க்ரா பதறியடித்துக்கொண்டு வந்து பத்து நாள் கூடவே இருந்தாள். வலென்சியாவில் அவளுக்கு ஒரு கிழவியைக் கவனித்துக்கொள்கிற வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, தூக்கி உட்கார வைப்பது. இன்னும் ஒரு நாள் தள்ளினாலும் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று அந்த வீட்டார் போனில் சொல்லிவிட்டார்கள். வெளியே டாக்ஸி வந்து நின்றது. இஸ்க்ரா கட்டிலருகே குனிந்து, "அம்மா, நான் போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். கேரா தலையை மேலும் கீழும் அசைத்தாள். நிதானமாக, இரண்டு தடவை. இஸ்க்ரா அவள் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். மூன்றாம் நாள் கேரா இல்லை.

மேலும் கீழும் அசைத்தால் மின்கோவின் நாட்டில் 'வேண்டாம், கூடாது' என்று அர்த்தம். 'சரி' என்றால் பக்கவாட்டில் ஆட்டுவார்கள். தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். ஸ்பெயின்காரர்கள் எல்லாவற்றையும் போல இதையும் தலைகீழாகச் செய்கிறவர்கள். பத்தொன்பது வருஷம் அவர்களோடு புழங்கிப் புழங்கி மகளின் தலையும் திசை மாறிவிட்டது. 'போகாதே' என்று பெற்றவள் கெஞ்சினதை அவள் 'போய் வா' என்று எடுத்துக்கொண்டாள். கதவருகே நின்ற மின்கோ இதையெல்லாம் பார்த்தார்.

பார்த்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வருஷமாக இஸ்க்ரா போனில் பேசும்போதெல்லாம், "நல்ல வேளைப்பா, அம்மாவே தலையாட்டி அனுப்பி வச்சா. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்" என்பாள். சாவுக்கும் வர முடியவில்லை, நாற்பதாம் நாளுக்கும் வர முடியவில்லை. அந்த ஒரு தலையசைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடினாள். அது கையை விட்டுப் போனால் பெண் என்ன ஆவாள்? ஊருக்கு வந்து நாலு பேர் தலையாட்டுவதைப் பார்த்தால் பொறி தட்டாமலா போகும்? அப்படித் தட்டினால் சொல்வதற்கு ஒரு பொய்யை அவர் தயாராக வைத்திருந்தார். ஆட்டிடம் சொல்லிப் பார்த்து, கோழியிடம் சொல்லிப் பார்த்து, வரி பிசகாமல் பாடம் பண்ணியிருந்தார்.

கல்லறைத் தோட்டத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். பாதிரியார் பக்கத்து ஊரிலிருந்து வந்து, அவசர அவசரமாக ஓதிவிட்டு, அடுத்த ஊருக்குப் போய்விட்டார். இஸ்க்ரா அவித்த கோதுமையைச் சர்க்கரையோடு கிண்ணங்களில் போட்டுக் கொடுத்தாள். வாங்கினவர்கள் ஒவ்வொருவரும், "கடவுள் அவளை மன்னிக்கட்டும்" என்று முறைப்படி சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுத் தோன்கா இரண்டு கிண்ணம் வாங்கினாள். அவளுக்கு எழுபத்தாறு வயது, நாக்குக்கு இருபது.

தோன்காதான் ஒயின் ஊற்றிக்கொண்டு வந்தாள். "ஏண்டி இஸ்க்ரா, உனக்கு ஊத்தட்டுமா?"

இஸ்க்ரா தலையை மேலும் கீழும் ஆட்டினாள். தோன்கா பாட்டிலோடு அவளைத் தாண்டி அடுத்தவரிடம் போய்விட்டாள்.

"எனக்கு அத்தை?"

"வேண்டாம்னு இப்பத்தானேடி சொன்ன!"

"ஐயோ, ஊத்துங்கன்னுல்ல சொன்னேன்."

"அடி பாவி! தலையை ஸ்பெயின்லயே கழட்டி வச்சுட்டு வந்துட்டியா?" தோன்கா பாட்டிலைக் கல்லறை விளிம்பில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கேரா, கேட்டியா உன் மக கதையை! நாளைக்கு எவனாவது கட்டிக்கிறியான்னு கேட்டா என்னடி பண்ணுவ?"

எல்லோரும் சிரித்தார்கள். துக்க இடத்தில் வரும் சிரிப்புக்கு அணை போட முடியாது. இஸ்க்ராவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. ஒயின் கோப்பையை வாங்கி, குடிக்காமல், மண்ணில் அம்மாவுக்கென்று முழுவதையும் ஊற்றினாள். தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டார் மின்கோ.

வீடு வரும் வழியில் அவள் முன்னால் நடந்தாள். பூட்டின வீடுகளாகத் தாண்டித் தாண்டி வந்தார்கள். உள்ளே வந்ததும் கிண்ணங்களைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவின கிண்ணத்தையே திரும்பக் கழுவினாள்.

"அப்பா. அன்னைக்கு நீங்க கதவுகிட்ட நின்னீங்கல்ல?"

"நின்னேன்."

"அம்மா தலையாட்டினதைப் பாத்தீங்க."

"பாத்தேனே. நல்லாப் பாத்தேன்." மின்கோ தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க அம்மா என்ன லேசுப்பட்டவளா? உன் பையன்கூட வீடியோ போன்ல பேசிப் பேசி அந்த ஊர் தலையாட்டலைப் பழகிட்டா. நம்ம மாதிரி ஆட்டினா பிள்ளைக்குப் புரியலையாம். கண்ணாடி முன்னால நின்னு பழகுவா, நான் கேலி பண்ணுவேன். அன்னைக்கும் உனக்குப் புரியட்டும்னுதான் உன் வழக்கப்படி ஆட்டினா. போய்ட்டு வான்னுதான் சொன்னா. இதுல என்ன சந்தேகம் உனக்கு?"

நன்றாகத்தான் சொன்னார். குரல்கூடத் தடுமாறவில்லை. அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

இஸ்க்ரா குழாயை மூடினாள். "போதும்ப்பா."

"நிஜமாத்தான் சொல்றேன்மா..."

"அப்பா, எனக்கு அப்பவே தெரியும்."

இஸ்க்ரா ஈரக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"தோன்கா அத்தைகிட்ட இன்னைக்கு ஆட்டினது பழக்க தோஷம். அன்னைக்கு அப்படி இல்ல. முப்பது வருஷம் இங்கயே வளந்தவளுக்கு அம்மா தலை புரியாமப் போகுமா? போகாதன்னு சொன்னா. ரெண்டு தடவை சொன்னா. அந்த ஒரு நிமிஷம் மட்டும் நான் வேணும்னே ஸ்பெயின்காரி ஆயிட்டேன். டாக்ஸி நிக்குது, வேலை போயிடும், வீட்டு வாடகை இருக்கு... ஆமான்னு எடுத்துக்கிட்டாப் போச்சுன்னு எடுத்துக்கிட்டேன். அப்புறம் உங்ககிட்ட சொன்னேன், அங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். சொல்லிக்கிட்டே இருந்தா நானே நம்பிடுவேன்னு பாத்தேன். நம்ப முடியலப்பா." ஈரக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள். "எங்க அம்மாவை விட்டுட்டு எவளோ ஒருத்திக்குக் கால் கழுவப் போனேன். நான் எல்லாம் ஒரு மகளா?"

மின்கோ நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஒரு வருஷமாக யாரைக் காப்பாற்றுவதாக நினைத்தாரோ அவள் முதல் நாளிலிருந்தே தனியாக எரிந்துகொண்டிருந்திருக்கிறாள். போன் பேசும்போதெல்லாம் அவள் அவரை ஏமாற்றினாள், அவர் அவளை ஏமாற்றினார்.

"உன் பெட்டியை யாரு தூக்கினா?" என்று கேட்டார்.

"என்ன?"

"அன்னைக்கு உன் பெட்டியைத் தூக்கிட்டுப் போய் டாக்ஸில வச்சது யாரு? நான்தானே. உனக்குத் தெரிஞ்ச மாதிரி எனக்கும் தெரியும். 'ஏ பொண்ணே, நில்லு, உங்க அம்மா வேண்டாங்கிறா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பல்லுதான் இல்ல, நாக்கு இருக்குல்ல? டாக்ஸி போனதும் உள்ள வந்தேன். அவ வாசலைப் பாக்கல இஸ்க்ரா, என்னைப் பாத்தா. 'எனக்குத்தான் வாய் போச்சு, இந்த ஆள் சொல்லுவான்'னு நம்பி இருந்திருக்கா. மூணு நாளும் அப்படியேதான் பாத்துக்கிட்டு இருந்தா."

இஸ்க்ரா கையை முகத்திலிருந்து எடுத்தாள். "ஏம்ப்பா சொல்லல?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனாலேயே பதில் சொல்லாமல் தப்பிக்க முடியவில்லை. பஸ் போனபோது ஏன் சொல்லவில்லை? பள்ளிக்கூடத்தைப் பூட்டினபோது ஏன் சொல்லவில்லை? இவள் முதல்முதலாக ஸ்பெயினுக்குக் கிளம்பினபோது, கேரா அடுப்படியில் அழுதுகொண்டிருக்க, இவர் பாட்டுக்குத் தக்காளிக் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தாரே, அன்றைக்கு ஏன் சொல்லவில்லை? காலம் மாறுகிறது, குறுக்கே நிற்கக் கூடாது, அதுதான் விவேகம் என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டார். விவேகமாவது மண்ணாங்கட்டியாவது.

"பயம்" என்றார். "இருன்னு கேட்டா நீ முடியாதுன்னு சொல்லிடுவ. கேக்காமலே இருந்துட்டா யாரும் என்கிட்ட முடியாதுன்னு சொல்ல முடியாதுல்ல? அவ்வளவுதான்மா. ஊரு அதைப் பொறுமைன்னுச்சு. நானும் சரின்னு வச்சுக்கிட்டேன்."

இஸ்க்ரா வந்து தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையைச் சாய்த்தாள். ஐம்பது வயதுப் பெண். தலையில் பாதி நரை. அவர் அதைத் தடவிக் கொடுத்தார். இருவரும் சத்தமாகவே அழுதார்கள். யாருக்காகவும் அடக்கிக்கொள்ள வேண்டியதில்லை. அழுது முடித்ததும் அவருக்குப் பாரம் இறங்கின மாதிரி இல்லை. ஆனால் அந்தப் பாரத்தின் மறுபக்கத்தை இன்னொரு கை பிடித்திருக்கிற மாதிரி இருந்தது. அதுவரைக்கும் அப்படி இருந்ததில்லை.

மூன்று மணிக்கு டாக்ஸி வந்தது. இஸ்க்ரா எழுந்து கண்ணைத் துடைத்து, கோட்டை மாட்டிக்கொண்டாள். மின்கோ கதவருகே போய், வழியை அடைத்துக்கொண்டு நின்றார்.

"இரு" என்றார்.

"எதையாவது மறந்துட்டேனா?"

"போகாத. ரெண்டு நாள் இருந்துட்டுப் போ. எனக்குத் தனியா இருக்க முடியல இஸ்க்ரா." எண்பத்தொரு வருஷத்தில் அவர் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

இஸ்க்ரா உதட்டைக் கடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"முடியாதுப்பா" என்றாள். "நாளைக்குக் காலைல நான் போகலைன்னா அந்தக் கிழவிக்கு ஆள் இல்ல. வேலையும் போயிடும். முடியாது."

அவர் வாழ்நாளெல்லாம் பயந்த வார்த்தை அதுதான். வலித்தது, நன்றாகவே வலித்தது. "சரிம்மா" என்று வழிவிட்டு ஒதுங்கினார்.

அவள் நகரவில்லை. "அடுத்த தடவையும் கேளுங்க. முடியாதுன்னுதான் சொல்லுவேன். சொன்னாலும் ஒவ்வொரு தடவையும் கேளுங்கப்பா." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் போயி பத்தொன்பது வருஷம் ஆச்சு. இன்னைக்கு வரைக்கும் என்னைப் போகாதன்னு சொன்னது அம்மா ஒருத்திதான்."

டாக்ஸிக்காரன் இறங்கி வந்து என்ன தாமதம் என்று கேட்டான். மின்கோ அவனிடம், "கொஞ்சம் பொறுத்துக்கப்பா, வர்றா" என்று சொன்னார்.