புதுச் சட்டத்துக்கு முன்பதிவு

ஏப்ரலில் வரப்போகும் புதிய வருமான வரிச் சட்டத்தைப் பற்றி, கொல்கத்தாவின் காளிகாட்டில், தமிழர்கள் கூடிய ஒரு சின்ன அரங்கில் பிரேம்குமார் பேசினார். தன்னை வரி ஆலோசகர் என்று சொல்லிக்கொள்பவர். டாலிகஞ்சில் இட்லி மாவு அரைத்து விற்கும் நீலாவதி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"வர்ற ஜூலையில நீங்க போடற ரிட்டர்னே புதுச் சட்டப்படிதான். இன்னைக்கே எங்கிட்ட பணம் கட்டிப் பதிவு பண்ணிக்கலைன்னா நோட்டீஸ் வரும்" என்று அவர் மிரட்டினார். துறைமுகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள்கூடப் பள்ளிப் பிள்ளைகளைப் போல அதை எழுதிக்கொண்டார்கள்.

நீலாவதி எழுந்தாள். "சார், ஜூலையில போடறது இந்த மார்ச் வரைக்கும் வந்த வருமானத்துக்குத்தானே? அதுக்குப் பழைய சட்டம்தான்னு டிபார்ட்மென்டே சொல்லியிருக்கே."

பிரேம்குமார் சிரித்தார். "இதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா. வீட்டுல சாரை வரச் சொல்லுங்க."

"அவர் ரிட்டர்னையும் நான்தான் போடறேன். நீங்கதான் படிக்காம வந்து பேசறீங்க."

அவர் முகம் கறுத்துவிட்டது. "நேரமாச்சு, பதிவு பண்றவங்க வரிசையா வாங்க" என்று மேடையை விட்டு இறங்கினார்.

நீலாவதி பேசியபோது பலமாகத் தலையாட்டிய பக்கத்து இருக்கைக்காரர் ரங்கராஜன்தான் முதல் ஆளாகப் போய் நின்றார். அவருக்குப் பின்னால் அரங்கமே திரண்டது.

"அவர் சொன்னது தப்புன்னு உங்களுக்கே தெரியுமே, சார்?" என்று நீலாவதி ரங்கராஜனிடம் கேட்டாள்.

"தெரியும்மா. இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு..."

பிரேம்குமார் மேல்கூட அவளுக்கு இத்தனை இளக்காரம் வரவில்லை.

"நல்லா நில்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் மெட்ரோவுக்கு நடந்தாள்.